ஒற்றை மீனின் நுரை

அன்று காலை அவள் கடைசியாகக் கேட்டது, எந்த ஸ்கிம்மரை வாங்கலாம் என்றுதான்.

சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின்மேல் அவளுடைய கைபேசி சாய்ந்து நின்றது. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படங்கள். இரண்டிலும் கண்ணாடி போன்ற ஒரு குழாய், அதன் தலையில் மூடி போட்ட ஒரு கோப்பை. கூடத்தில் இருந்த கடல்நீர் மீன்தொட்டியின் அழுக்கை எடுக்கும் பழைய ஸ்கிம்மர் ஒரு வாரமாகக் கரகரத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, உயரமானதா, குட்டையானதா? ஒண்ணு சொல்லுங்களேன்."

அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே. எதையாவது வாங்கு."

"உங்களைப் போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." சிரித்தபடி, முழங்கை வரை நனைந்திருந்த கையை அவன் பனியன் முதுகில் அழுத்தித் துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். பத்தேகாலுக்கு அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. மூளையில் ஒரு ரத்தநாளம் வெடித்துவிட்டது. மாடிப்படியில், கையில் மாதிரிக் குப்பிகளின் தட்டோடு. ஒரு குப்பிகூட உடையவில்லை என்று சொன்னார்கள். எதற்காக அதைச் சொன்னார்கள் என்று அவனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டரை மாதத்தில் தொட்டியில் இருந்த மீன்கள் ஒவ்வொன்றாகப் போயின. முதல் சில வாரங்கள் அவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தபோது மிஞ்சியிருந்தது ஒன்றுதான்: ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட, சுண்டுவிரல் நீளமுள்ள கிழட்டுப் பெண்மீன். அவள் அதற்கு வைத்த பெயர் மாமியார். யார் கை உள்ளே வந்தாலும் பாய்ந்து கடிக்கும், அவள் கையைத் தவிர. "மருமகளைக் கடிக்காத மாமியார் உலகத்துலயே இவங்க ஒருத்தங்கதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அந்த மாமியார்தான் இப்போது நீரின் மேல்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பழைய ஸ்கிம்மர் ஒருவழியாக நின்றுபோயிருந்தது. தண்ணீர்மேல் ஆறிய பாலின் ஏடு போல ஒன்று படர்ந்திருந்தது. அவன் கண்ணாடியருகே குனிந்து பார்த்தான். அவள் கையின் பழக்கம் தெரிந்த உயிர் அந்த வீட்டில் அவனை விட்டால் இது ஒன்றுதான். இதுவும் போய்விட்டால், அவள் இங்கே இருந்தாள் என்பதற்குத் தன்னைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று தோன்றியதும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அலங்கார மீன்கடை ஒரு வணிக வளாகத்தின் நிலவறையில் இருந்தது. கடைக்காரர் உப்புநீர் மீன்கள் மட்டுமே விற்பவர். அவள் அவரை உப்பண்ணன் என்பாள், அவர் அவளைத் தங்கச்சி என்பார். அந்தக் கணக்கில் அவன் அவருக்கு மாப்பிள்ளை.

"வாங்க மாப்பிள்ளை." அவர் எழுந்து மேசையைத் துடைத்தார். "மாமியார் சௌக்கியமா?"

"மூச்சு வாங்குறாங்க."

"வயசாயிடுச்சுல்ல. தொட்டிக்குக் கீழ அலமாரி இருக்கே, அதுல எடமிருக்கா? இருந்தா உள்ள வைக்கிற மாதிரி தரேன். சத்தமே வராது."

"எடம் இருக்குண்ணே. காலியா இல்ல."

அவளுடைய செருப்புகளும் குடைகளும் மீன் புத்தகங்களும் அதில் இருந்தன. உப்பண்ணன் பின்னாலிருந்த தட்டுக்குத் திரும்பினார். "அப்ப தொட்டிக்கு முதுகுல தொங்குறதுதான் சரி" என்று இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று உயரம், ஒன்று குட்டை.

அவன் உயரமானதைத் தொட்டான். "பெருசே குடுங்க."

"எதுக்கு? இருக்கிறது ஒரே ஒரு மாமியார். இது காத்தைப் பொடிக் குமிழா அடிச்சுத் தண்ணியில விடும். கழிவு, கோழை, செதில், தோல்னு உள்ள இருக்கிற உசுரு எதையெல்லாம் உதிர்க்குதோ, அதெல்லாம் குமிழ்ல ஒட்டிக்கிட்டு நுரையா ஏறி இந்தக் கோப்பையில விழும். நீங்க கொட்டுவீங்க. உதிர்க்க ஆள் இல்லைன்னா நுரை எங்கேருந்து வரும்? எத்தனை லிட்டர் தொட்டின்னு பாத்து வாங்குறவன் ஏமாளி. உள்ள எவ்வளவு உசுரு இருக்குன்னு பாத்து வாங்கணும்."

அவன் குட்டையானதை வாங்கினான்.

"பத்து நாளைக்கு நுரையே வராது, புதுசு பழகணும். பயந்துட்டு எனக்குப் போன் போடாதீங்க. அப்புறம், கிரீம் பூசின கையை உள்ள விடாதீங்க. நுரை பொசுக்குனு படுத்துடும், மறுபடி எழும்ப ரெண்டு மணி நேரம் ஆகும். தங்கச்சிக்கு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்! கையைக் கழுவிக் கழுவித் தோல் வறண்டு போச்சுண்ணேன்னு பூசிக்கும். வேலையிலேருந்து வந்ததும் வராததுமா அதே கையைத் தண்ணிக்குள்ள விடும்." அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாலையே அதை மாட்டினான். குழாய்க்குள் வெள்ளைக் குமிழ்கள் பால்போலச் சுழன்றன. சன்னமான, யாரோ தொலைவில் மூச்சை உறிஞ்சுவது போன்ற ஓசை. இரண்டரை மாதத்துக்குப் பிறகு வீட்டில் ஆள் இருப்பதுபோல் ஒரு ஓசை. அவன் நன்றாகத் தூங்கினான்.

காலையில் கூடத்துக்கு வந்தபோது பாதம் ஈரத்தில் பட்டது. கோப்பை நிரம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்து, சுவரில் பழுப்புக் கோடாக இறங்கித் தரையில் தேங்கியிருந்தது. பத்து நாள் நுரைக்காது என்ற இயந்திரம் ஒரே இரவில் அரை லிட்டர் கறுப்புச் சாற்றைக் கக்கியிருந்தது. கோப்பையைக் கழற்றிச் சமையலறை சிங்க்கில் கொட்டினான். அழுகிய கடல்பாசியின் நாற்றம். அதற்கு அடியில், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது மட்டும் மேலே வந்த இன்னொரு வாசனை. என்னவென்று பிடிபடவில்லை, ஆனால் தெரிந்த வாசனை. மூடிய அறையில் உலரும் ஈரத் தலைமுடியின் வாசனை போல.

அடுத்த நாளும் நிரம்பியது. அதற்கடுத்த நாள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கட்டட வரைபடம் வரைவது அவன் தொழில். அளக்காமல் அவனால் எதையும் நம்ப முடியாது. கோப்பையின்மேல் மையால் கோடு போட்டு, மணியைக் குறித்து வைத்தான். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது.

ஐந்தாம் நாள் உப்பண்ணனை அழைத்தான்.

"பாறைக்குள்ள ஏதாவது செத்துக் கிடக்கும் மாப்பிள்ளை. எடுத்துப் பாருங்க."

ரப்பர் கையுறை போட்டு ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்து வாளியில் வைத்தான். மாமியார் கையுறையைக் கடித்தது. பதினோரு பாறை. எதிலும் எதுவும் இல்லை. ஒரு நண்டின் கால்கூட இல்லை. வெறும் கண்ணாடிப் பெட்டி, வெள்ளை மணல், ஒரு மீன். அவன் பாறைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கும்போதே கோப்பையில் நுரை உடைந்து விழும் ஓசை கேட்டது. சொத். சொத்.

ஞாயிற்றுக்கிழமை உப்பண்ணன் தானே வந்தார். கையில் உயரமான ஸ்கிம்மர். "என் வாழ்நாள்ல ஒத்த மீனுக்குப் பெருசை மாத்திக் குடுக்கிறது இதுதான் முதல் தடவை. திருட்டுத்தனமா சுறா வளக்கிறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே கோப்பையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"இது ஒரு மீனோடது இல்ல."

"அதான் சொன்னேனே அண்ணே."

"நாப்பது மீனோடதும் இல்ல." கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். "இதுல பெரிய உடம்பு ஏதோ கிடக்கு" என்று, தொட்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார். புதியதை மாட்டும்போது ஒரு தடவைகூட விரல் நுனி தண்ணீரில் படாமல் பார்த்துக்கொண்டார். காபி வேண்டாமென்றார். வாசலில் செருப்பை மாட்டியபடி, "மாப்பிள்ளை, மாமியாரை நான் கொண்டுபோயிடவா? கடையில நல்லா இருப்பாங்க."

"வேண்டாம்ணே."

"சரி. கையை மட்டும் உள்ள விடாதீங்க."

பெரிய ஸ்கிம்மர் ஒரு நாளைக்கு மூன்று கோப்பை எடுத்தது.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்திருந்தான். ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டு, குழாய்க்குள் நுரை கழுத்து வரை கெட்டியாக ஏறி, வெடித்து, மறுபடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது படுத்தது. யாரோ ஊதி அணைத்த மாதிரி. கழுத்திலிருந்த நுரை சரிந்து, அடியில் வெறும் தண்ணீர் சுழன்றது. மின்சாரம் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவன் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

மணி ஆறேகால்.

இரண்டு மணி நேரம் கழித்து நுரை எழும்பியது. மறுநாள் ஆறேகாலுக்கு மறுபடி படுத்தது. வியாழனும். வெள்ளியும்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து, பையைச் சோபாவில் எறிந்து, கைகூடக் கழுவாமல் அவள் தொட்டிக்கு முன்னால் வந்து நிற்கும் நேரம் அது.

பயந்திருக்க வேண்டும். முதல் நாள் பயந்தான்தான். விளக்கையெல்லாம் போட்டுவிட்டுப் படுக்கையறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டான். ஆனால் தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் பாத்திரம் கழுவி, கட்டிலில் ஒரு பக்கத்தை மட்டும் கலைத்துப் படுத்து எழுந்த மனிதனுக்கு, ஆறேகாலுக்கு யாரோ வருகிறார்கள் என்பது பயத்தோடு நின்றுவிடவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்கே முகம் கழுவி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்தான். நுரை படுத்ததும், "வந்துட்டியா?" என்றான். தன் குரல் தனக்கே கரகரப்பாகக் கேட்டது. மாமியார் தொட்டியின் நடுவுக்கு வந்து, வெறும் தண்ணீரில் எதன்மீதோ உடம்பை உரசிக்கொண்டது. முன்பு அவள் உள்ளங்கையில் உரசுமே, அப்படி.

அன்றைக்குத்தான் அவனுக்கு அது உறைத்தது. உள்ளே இருப்பது உதிர்ப்பதைத்தான் இந்த இயந்திரம் எடுக்கிறது. எடுத்ததை அவன் கொட்டுகிறான். இரண்டு வாரமாக அவளையே கோப்பை கோப்பையாக, எச்சில் தட்டுக் கழுவும் சிங்க்கில், குழாயைத் திறந்துவிட்டு.

எழுந்துபோய் ஸ்கிம்மரின் பிளக்கைப் பிடுங்கினான். அது போதாதென்று தண்ணீரைச் சுழற்றும் சின்ன மோட்டாரையும் பிடுங்கினான். வீடு நிசப்தமானது. மாமியார் இரண்டு நாள் தாங்குவார், அதற்குள் ஒரு வழி கிடைக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது.

ஞாயிறு மதியம் அவன் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"என்ன சாப்பிட்ட? சொல்லு பாப்போம்."

அவன் யோசித்தான்.

"பாத்தியா, பொய். அந்தத் தொட்டியை யாருக்காவது குடுத்துட்டு இங்க வந்து நாலு நாள் இருடா. உங்க மாமாவும் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"வரேன்க்கா."

"போன தடவையும் இதையேதான் சொன்ன. ஆமா, யாருடா அங்க கை கழுவுறது?"

"யாருமில்லக்கா. மோட்டார்."

"மோட்டாரா? அளைஞ்சு அளைஞ்சுல்ல கழுவுறாங்க. வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா? வந்திருந்தா சொல்லேன், நான் என்ன திட்டவா போறேன்?"

அவன் தரையில் கிடந்த இரண்டு பிளக்குகளையும் பார்த்தான். "அப்புறம் பேசுறேன்க்கா."

திங்கள் மாலைக்குள் தண்ணீர் அரிசி களைந்த நீராகக் கலங்கியிருந்தது. ஏடு தடித்து, அதன் அடியில் மாமியார் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள்கள் விசிறிபோல அடிக்க, வாயை மேலே நீட்டித் துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஆரஞ்சு நிறம் வெளுத்திருந்தது. அதன் கண்ணைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவள் பதினோரு வருடம் வளர்த்தது. அவள் போன பிறகும் உயிரோடு இருந்தது. அதைத்தான் அவன் கொன்றுகொண்டிருந்தான்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றான், எதைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல். "அதைச் சாக விட முடியாது. நீயே விடமாட்ட." குனிந்து ஸ்கிம்மரின் பிளக்கை எடுத்தான்.

ஆறேகால்.

மேல்பரப்பில் ஏடு கிழிந்தது. கல் விழுந்த மாதிரி அல்ல. மெதுவாக, நடுவிலிருந்து ஒதுங்கியது. மாமியார் கீழே போயிற்று. துடுப்பு அசையவில்லை, வால் அசையவில்லை. தொட்டிலில் கிடத்துவதற்குப் பிள்ளையை எடுத்துக்கொண்டுபோவது போல அது இறக்கப்பட்டது. கலங்கல் நீரின் நடுவில் நின்றது. அதன் விலாவில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. செவுள் மூடிக்கொண்டது. திறக்கவில்லை.

"விடு!"

பிளக்கைப் போட்டுவிட்டுச் சட்டையோடு கையை உள்ளே விட்டான். தொட்டி குறுகலானது, ஆழமானது. கை தோள் வரை போனது. தண்ணீர் ஆவியாகி, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, கண்ணாடியில் வெள்ளை உப்புக்கோடு படிந்த மட்டத்தில் நின்றிருந்தது. அவன் கை இறங்க இறங்கத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி மேலேறி விளிம்பைத் தொட்டது. ஒரு துளி வெளியே வழிந்தது.

மீன் அவனைக் கடிக்கவில்லை.

விரல்களில் ஏதோ பட்டது. வழுவழுப்பு. சில்லென்று இல்லை, சூடாகவும் இல்லை. தன் உடம்பின் வெப்பம்தான். விரல்கள் என்று புரிந்தது. அவை அவன் விரல்களின் நடுவே ஒவ்வொன்றாக நுழைந்தன, பழகியதுபோல. கண்ணை மூடிக்கொண்டான்.

"நீதானே?"

அவை இறுக்கின.

அவள் கை சிறியது. பன்னிரண்டு வருடம் பிடித்து நடந்த கை. அதன் அளவு அவனுக்குத் தெரியும். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டை முழுதாகச் சுற்றி வளைக்காது, பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் எப்போதும் ஒரு அங்குலம் மிஞ்சும்.

இவை ஒரு சுற்றுச் சுற்றின. இன்னும் நீளம் இருந்தது. இரண்டாம் சுற்று. முழங்கையை நோக்கி ஏறின.

ஐந்து. ஆறு. ஏழு.

அவள் இல்லை.

அவள் வரவே இல்லை.

தொட்டிக்குக் கீழிருந்த அலமாரியில் காலை ஊன்றி உதைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் எறிந்து கையை இழுத்தான். தோல் உரிவதுபோல் எரிந்தது. வந்தது. தரையில் உட்கார்ந்த நிலையில் விழுந்து, கையை மார்போடு அணைத்துக்கொண்டு விரல்களை எண்ணினான். ஐந்து. இன்னொரு கையிலும் ஐந்து. இரண்டு கைகளும் வெளியேதான் இருந்தன. சட்டைக் கையிலிருந்து சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. உள்ளே கலங்கலில் ஆரஞ்சு நிறம் எங்கும் இல்லை. மோட்டார்கள் இரண்டும் நின்றிருந்தன. அலை அடங்கி, தண்ணீர் கண்ணாடித் தகடுபோல அசையாமல் நின்றது.

அவன் அதன் மட்டத்தைப் பார்த்தான். கண்ணை எடுக்காமல், கீழே இறங்கும் இறங்கும் என்று பார்த்தபடியே இருந்தான். ஜன்னலில் வெளிச்சம் போயிற்று.

கை வெளியே வந்த பிறகும் தண்ணீர் உப்புக்கோட்டுக்கு இறங்கவில்லை. விளிம்பிலேயே நின்றது.